ஏ.ஆர். காப்பியில் 'மது வாடை': கணவரின் விபத்துக் காப்பீடு அவ்வளவுதானா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். என் கணவர் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். வயது 35, சம்பளம் 32,000 ரூபாய். 2025 மார்ச்சில் ஒருநாள் செகண்ட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது, சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லியில் வண்டி சறுக்கி, நடுத் தடுப்பில் தலை மோதிவிட்டது. 108 வண்டியில் பக்கத்து அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து சென்னைக்கும் கொண்டுபோனார்கள். முப்பது மணி நேரம் உயிரோடு இருந்தார். கம்பெனி எல்லோருக்கும் 20 லட்ச ரூபாய்க்கு விபத்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறது என்று கேட்டு க்ளைம் போட்டோம். செப்டம்பரில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில்) 'மது வாடை இருந்தது' என்று எழுதியிருப்பதால் பணம் தர முடியாதாம். 52 நாள் தாமதமாகத் தகவல் சொன்னதும் ஒரு காரணமாம். நான் மறுநாளே அவருடைய சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். எச்.ஆரில் கேட்டால், 'பிரீமியம் கட்டியதோடு எங்கள் வேலை முடிந்தது' என்கிறார்கள். கிராஜுவிட்டிப் பணம் தருகிறோம், வரும் வெள்ளிக்கிழமை வந்து ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்கிறார்கள். அவர் எப்போதாவது குடிப்பார், மறைக்கவில்லை. ஆனால் வேலை நாளில் தொடமாட்டார். 'கோர்ட்டுக்குப் போனால் குடிகாரன் என்று அண்ணன் பேர்தான் கெடும், விட்டுவிடுங்கள் அண்ணி' என்கிறார் கொழுந்தனார். இரண்டு பிள்ளைகளோடு ஆரணியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரிக்கு,

கொழுந்தனார் சொன்னதை முதலில் தள்ளி வையுங்கள். உங்கள் கணவர் குடிப்பவரா என்பது இந்த வழக்கில் கேள்வியே இல்லை. பாலிசி பிடித்துக்கொள்வது ஒரே ஒரு நேரத்தை: ஜல்லியில் வண்டி சறுக்கிய அந்த நேரத்தில் அவர் மதுவின் பிடியில் இருந்தாரா? போன வருடப் பொங்கலுக்குக் குடித்தாரா, தீபாவளிக்குக் குடித்தாரா என்று யாரும் கேட்க முடியாது. கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, அந்த ஒரு பக்கக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், அசலாகவே இருக்கட்டும். உங்களிடம் இருக்கும் காகிதங்களில் அதுதான் விலை உயர்ந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியதோ அதை மட்டும்தான் பிறகு வழக்கிலும் பேசலாம். புதிதாக ஒன்றைக் கிளப்ப முடியாது என்று 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டே காரணங்கள்: மது வாடை, தாமதம். நாளைக்கு வந்து லைசென்ஸ் காலாவதி, ஹெல்மெட் இல்லை, வேகமாக ஓட்டினார் என்று ஆரம்பித்தால், 'அதெல்லாம் கடிதத்தில் இல்லையே' என்ற ஒரு வரி போதும். அதனால் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது நீங்களாக எதையும் கூடுதலாக விளக்கிவிடாதீர்கள். பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கேட்காததற்கெல்லாம் பதில் எழுதி, எதிராளிக்கு ஒரு வழி காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது வாடைக்கு வருவோம்.

இது மாதிரி குரூப் விபத்து பாலிசிகளில் 'விபத்து' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கும். திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி, வன்மையாக நிகழ்ந்த ஒன்று என்கிற மாதிரி. உங்கள் கணவர் விஷயத்தில் அதில் சண்டையே இல்லை. தலைக்காயம், நடுத் தடுப்பு, எல்லாம் எஃப்.ஐ.ஆரிலேயே இருக்கும். எஃப்.ஐ.ஆரில் 'அஜாக்கிரதையாக ஓட்டி, தானே விழுந்தார்' என்று எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள். சொந்தக் கவனக்குறைவு விபத்தை விபத்து இல்லை என்று ஆக்கிவிடாது. சண்டை எல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகளில்தான். தற்கொலை, குற்ற நோக்கத்தோடு சட்டத்தை மீறியது போன்றவற்றோடு 'மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் இருக்கும்போது' என்று ஒரு வரி வரும். விலக்கு என்று ஒன்றைக் காட்டிப் பணத்தை மறுப்பவர்தான் அந்த விலக்கு இங்கே பொருந்துகிறது என்று நிரூபிக்கவும் வேண்டும். அவர் குடிக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இல்லை.

ஆனால் வாடை என்று எழுதியது ஒன்றுமே இல்லை என்று உங்களை ஏமாற்றவும் நான் தயாராக இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கப்போகும் தீர்ப்பு எது என்று இப்போதே தெரியும். 2021-ல் வந்த பேர்ல் பெவரேஜஸ் வழக்கு. டெல்லி இந்தியா கேட் பக்கம் 2007 டிசம்பரில், விடியாத வேளையில், ஒரு போர்ஷே கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்துபோனது. காரை ஓட்டியவரின் ரத்தத்தில் மது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. மருத்துவமனைக் குறிப்பில் வாடை இருந்தது என்று மட்டும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறதே, அந்த அளவைத் தாண்டினார் என்று காட்டாமல் விலக்கைப் பயன்படுத்த முடியுமா என்று கேள்வி எழுந்தது. முடியும், மற்ற சூழ்நிலைகளைக் கொண்டும் நிரூபிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனிதான் ஜெயித்தது.

அதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். ஏன் ஜெயித்தது என்று பாருங்கள். அங்கே வாடை மட்டும் இல்லை. அந்த வேளையில் அந்தச் சாலையில் அப்படி ஒரு கார் நடைபாதையில் ஏறிக் கவிழ வேறு எந்தக் காரணமும் காட்டப்படவில்லை. வாடையும், விளக்கமில்லாத விபத்தும் சேர்ந்துதான் அந்த முடிவைத் தந்தன. உங்களிடம் விளக்கம் இருக்கிறது. சாலையில் ஜல்லி கிடந்தது. இரவில், இரு சக்கர வண்டி, ஜல்லி: குடிக்காதவரும் விழுவார். ஆகவே இந்த வழக்கின் முதுகெலும்பு ஜல்லிதான். அதற்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள்? போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்தில் ஜல்லி குறிக்கப்பட்டிருக்கிறதா? பார்வை மகஜரில், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பில், எழுதியிருக்கிறதா? மறுநாள் யாராவது போட்டோ எடுத்தார்களா? அந்தச் சாலையில் வேலை எடுத்த ஒப்பந்ததாரர் யார், எந்தத் துறை சாலை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். வரைபடமும் மகஜரும் ஸ்டேஷனில் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான சான்று கம்பெனிக்குள் இருக்கிறது. அவர் ஷிப்ட் முடித்து எத்தனை மணிக்குப் பஞ்ச் அடித்து வெளியே வந்தார்? விபத்து எத்தனை மணிக்கு? 11.30-க்குப் பஞ்ச், 11.55-க்கு விபத்து, இடையில் பதினைந்து கிலோமீட்டர் என்றால், அவர் எங்கே உட்கார்ந்து குடித்திருக்க முடியும்? எட்டு மணி நேரம் இயந்திரங்களோடு வேலை பார்த்தவர் போதையில் இருந்திருந்தால் சூப்பர்வைசர் விட்டிருப்பாரா? கேட்டில் செக்யூரிட்டி பார்த்திருக்க மாட்டாரா? கூட வேலை பார்த்தவர்களில் ஒருவராவது 'கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தார்' என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வாடைக்கு எதிரே அது மலைபோல நிற்கும். ஆனால் வேலையில் இருப்பவர்கள் கம்பெனிக்குப் பயந்து தயங்குவார்கள். வேலையை விட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரைத் தேடுங்கள். அன்றைய கேட் கேமராப் பதிவு இவ்வளவு நாளுக்குப் பின் இருக்க வாய்ப்பு குறைவு. பஞ்ச் பதிவு சம்பளக் கணக்கோடு சேர்ந்தது, அது இருக்கும். நேரங்களை நான் உதாரணத்துக்குத்தான் எழுதினேன். உண்மையான நேரம் வேறாக இருந்து, நடுவில் ஒன்றரை மணி நேரம் காணாமல் போயிருந்தால் அதையும் உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதிராளி வாயிலிருந்து அதைக் கேட்பதுபோலக் கொடுமை வேறில்லை.

மருத்துவக் காகிதங்கள் அடுத்தது. ஏ.ஆர். காப்பி என்பது கேஷுவாலிட்டியில் நடு ராத்திரியில், நாலு பேர் காத்துக்கிடக்கும்போது டாக்டர் எழுதுவது. அவரைக் குறை சொல்லவில்லை. நினைவில்லாமல் வந்தவரின் மூச்சிலிருந்து வந்ததா, சட்டையிலிருந்து வந்ததா, காயத்தைத் துடைத்த ஸ்பிரிட்டிலிருந்து வந்ததா என்று ஆராய அங்கே நேரம் கிடையாது. வாடை அளவு சொல்லாது. அதனால் மற்ற மூன்று காகிதங்களைத் தேடுங்கள். 108 வண்டியில் முதலுதவி செய்தவர் எழுதிய பதிவு, சென்னை மருத்துவமனையின் கேஸ் ஷீட், போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ். முதல் மருத்துவமனையில் எழுதிய வாடை, முன்னே பார்த்த 108-காரருக்கும் பின்னே பார்த்த சென்னை டாக்டருக்கும் தெரியவில்லை என்றால், அந்த ஒரு வரி தனியாக நிற்கும். மூன்று இடத்திலும் எழுதியிருந்தால் நிலைமை வேறு. அரசு மருத்துவமனை என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனைவி என்ற முறையில் கேட்டு வாங்கலாம். வாரிசுச் சான்றிதழ் நகலை இணைத்து அனுப்புங்கள்.

போஸ்ட்மார்ட்டம் சான்றிதழில் விஸ்ரா (உள்ளுறுப்பு மாதிரி) எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட் போலீஸ் வழியாக வரும். இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 'விஸ்ராவில் மது இல்லை' என்று வந்துவிட்டால் கேஸ் முடிந்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். உங்கள் கணவர் முப்பது மணி நேரம் உயிரோடு இருந்தவர். உடம்பு 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் மதுவை எரித்துவிடும். அதனால் 'அதற்குள் கரைந்து போயிருக்கும்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே இல்லை என்ற ரிப்போர்ட் உங்களுக்குத் துணை மட்டும்தான். மாறாக 'மது இருந்தது' என்று வந்திருந்தால், எவ்வளவு என்று எண் இருக்கிறதா, எந்தப் பாதுகாப்புத் திரவத்தில் எடுத்து வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். மது இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய உறுப்பை ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பக் கூடாது. ரத்தத்தை சோடியம் ஃப்ளோரைடு சேர்த்து வைக்க வேண்டும். உடல் அழுகத் தொடங்கினாலும் தானாக மது உண்டாகும். இதையெல்லாம் கேள்வியாகக் கேட்கலாம். ஆனால் முப்பது மணி நேரத்துக்குப் பிறகும் நல்ல அளவில் மது இருந்தது என்று ஒழுங்கான ரிப்போர்ட் வந்தால், 20 லட்சத்துக்கான வழக்கு மிகவும் பலவீனம். அப்போது என்னிடம் வந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

மது சம்பந்தப்பட்ட இன்னொரு தீர்ப்பையும் யாராவது உங்களிடம் காட்டிப் பயமுறுத்தலாம். இமாச்சலப் பிரதேச வனக் கழகத்தின் காவலாளி ஒருவர் 1997-ல் கடும் மழையிலும் பனியிலும் இறந்துபோனார். கழகம் எடுத்திருந்த ஜனதா விபத்து பாலிசியில் மனைவி பணம் கேட்டார். போஸ்ட்மார்ட்டத்தில் மது அருந்திய நிலையில் உணவு மூச்சுக்குழலில் ஏறி மூச்சடைத்தது என்று இருந்தது. அது விபத்தே இல்லை என்று 2021-ல் நர்பதா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வேறு கதை. அங்கே வெளிக்காயம் இல்லை, சாவுக்கே மதுதான் காரணம். உங்கள் கணவர் நடுத் தடுப்பில் மோதிய தலைக்காயத்தால் இறந்தார். தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்பு அனுப்பும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

தாமதம் என்ற காரணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று இருக்கும் பல பாலிசிகளில், நியாயமான காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் அதே வரியில் இருக்கும். உண்மையான க்ளைமைத் தாமதத்தை மட்டும் காட்டி இயந்திரம்போல மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மேலும் நீங்கள் மறுநாளே சூப்பர்வைசருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். 52 நாள் தூங்கியது கம்பெனி. அந்த வாட்ஸ்அப் இருக்கும் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

'பிரீமியம் கட்டியதோடு எங்கள் வேலை முடிந்தது' என்கிறார்களே, அது பாதி உண்மை. குரூப் பாலிசியில் மாஸ்டர் பாலிசி கம்பெனி பெயரில் இருக்கும். தொழிலாளி கையில் பெரும்பாலும் ஒரு சான்றிதழ்கூட இருக்காது. ஆனால் யாருக்காக எடுத்தார்களோ அவரும் நுகர்வோர்தான். பணம் கட்டியவர் மட்டுமல்ல, பயனாளியும் நுகர்வோர் என்று 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஆகவே கம்பெனிக்கு ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் எழுதுங்கள்: மாஸ்டர் பாலிசியின் முழு நகல், விலக்குகளோடு, அவர் பெயர் இருக்கும் ஊழியர் பட்டியல், கம்பெனி க்ளைம் அனுப்பிய தேதி, விபத்தன்று பஞ்ச் பதிவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அதே பாலிசி நகலைக் கேட்டு ஒன்று அனுப்புங்கள். அது அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டமும் வேலை செய்யும். பாலிசியைப் படிக்காமல் வழக்குப் போடுவது ஊர் தெரியாமல் பஸ் ஏறுவது மாதிரி. விலக்கு வரியில் 'தாக்கத்தில் இருக்கும்போது' என்று இருக்கிறதா, 'தாக்கத்தின் காரணமாக' என்று இருக்கிறதா என்பதே பல லட்ச ரூபாய் வித்தியாசம். இரண்டாவது சொல் இருந்தால், மதுதான் விபத்துக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். ஜல்லி அதைத் தடுத்துவிடும்.

விலக்கு நிபந்தனைகளை உங்களுக்குச் சொல்லவே இல்லை என்ற வாதமும் உண்டு. தெரிவிக்காத விலக்கு கட்டுப்படுத்தாது என்று 2019-ல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் 'நாங்கள் கம்பெனியிடம் கொடுத்துவிட்டோம்' என்பார்கள். அதனால் இதை இரண்டாவது வரிசையில் வையுங்கள்.

எங்கே போவது? முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மறுபரிசீலனைக் கடிதம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஆம்பட்ஸ்மேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குரூப் பாலிசிப் புகாரையும் அவர் விசாரிக்கலாம். 50 லட்சம் வரை உத்தரவிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் கூடாது. உத்தரவு இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டும்; உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடை இல்லை. ஒரு வருடத்துக்குள் அவரிடம் போக வேண்டும், அதே விஷயம் அப்போது வேறு கோர்ட்டில் இருக்கக் கூடாது.

நுகர்வோர் ஆணையம் என்றால் ஒரகடத்துக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்ய 2019 சட்டம் வழி விட்டிருக்கிறது. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதைக் கேட்கும் தொகையை வைத்துப் பார்ப்பதில்லை, கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து இரண்டு வருடம் கெடு. ஆம்பட்ஸ்மேனிடம் இருக்கும் காலத்திலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியை முதல் எதிர்மனுதாரராகவும் உங்கள் கணவரின் கம்பெனியை இரண்டாவதாகவும் சேருங்கள். 52 நாளுக்கு யார் பொறுப்பு என்று இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டட்டும்.

இரண்டில் எது? ஏ.ஆர். காப்பி வாடை ஒன்றுதான் அவர்களிடம் இருக்கிறது என்றால் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்யக்கூடிய வழக்கு அது. விஸ்ராவில் மது என்று ஏதாவது வந்திருந்தால் நேரே நுகர்வோர் ஆணையம். டாக்டருக்கு எழுத்தில் கேள்வி அனுப்பவும், நிபுணர் கருத்து வைக்கவும் அங்கேதான் இடம் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதம் முழுக்க அந்த 20 லட்சத்திலேயே நிற்கிறது. அதற்கு வெளியே, மது வாடை தொட முடியாத பணம் இருக்கிறது.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. வேலையிலும் வேலை காரணமாகவும் நடந்த விபத்தில் தொழிலாளி இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். காயம் மட்டும் என்றால் 'குடித்திருந்தார்' என்று முதலாளி தப்பிக்கலாம். சாவு என்றால் அந்தச் சாக்குக்குச் சட்டத்திலேயே இடம் இல்லை. மூன்றாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். 'வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தது வேலையா?' என்பார்கள். அதற்கு 2025 ஜூலையில் தைவ்ஷாலா வழக்கில் பதில் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003-ல் வேலைக்குப் பைக்கில் போகும் வழியில் இறந்த வழக்கு. நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு ஒட்டியிருந்தால் போக்குவரத்து விபத்தும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மேலே சொன்ன பஞ்ச் பதிவு இங்கேயும் உங்களுக்கு உதவும். ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்குத்தான் வந்தார் என்று அது காட்டும்.

எவ்வளவு வரும்? சம்பளம் 32,000 ஆனாலும் கணக்குக்கு 15,000-தான் எடுப்பார்கள். அதில் பாதி 7,500. 35 வயதுக்கான பெருக்கெண் 197.06. ஆக 14,77,950 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு தனி. காலம் தாழ்த்தினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் உண்டு. தொழிலாளர் துறையின் இணை அல்லது துணை ஆணையரிடம் மனு, நீங்கள் வசிக்கும் பகுதியிலேயே போடலாம். இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது என்று யாராவது குழப்பினால், உங்கள் கணவர் இறந்தது மார்ச்சில், அன்றைக்கு இருந்த சட்டம் பழையது என்று சொல்லுங்கள். அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்று மட்டும் சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் இந்த வழி அடைபட்டு, இ.எஸ்.ஐ. பென்ஷன் வழி திறக்கும். 32,000 சம்பளத்துக்கு இருந்திருக்காது.

பி.எஃப். கணக்கோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீடு இன்னொன்று. சாவு எப்படி வந்தது என்று அவர்கள் கேட்பதே இல்லை. அதிகபட்சம் 7 லட்சம். ஒன்பது வருட சர்வீஸ் உள்ளவருக்குக் கணிசமாக வரும். இதோடு உங்களுக்கு விதவை பென்ஷன், பிள்ளைகள் இருவருக்கும் 25 வயது வரை பென்ஷன். பத்து மாதமாக யாரும் இதைச் சொல்லவில்லை என்றால் அந்த எச்.ஆரை என்ன சொல்வது!

வண்டி அவர் பெயரில் இருந்ததா? இருந்தால் வண்டி இன்சூரன்ஸை எடுத்துப் பாருங்கள். ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம் இருக்க வேண்டும். அங்கேயும் மது விலக்கு உண்டு, செல்லுபடியாகும் லைசென்ஸும் வேண்டும், ஆனாலும் க்ளைம் போட்டு வையுங்கள். ஒரு பாலிசியில் வாங்கினால் இன்னொன்றில் கிடைக்காது என்ற பேச்சு விபத்துச் சாவுப் பணத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக வெள்ளிக்கிழமை. போங்கள், போகாமல் இருக்காதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கொழுந்தனாரையே அழைத்துப் போகலாம், அவருக்கும் விஷயம் புரியும். கிராஜுவிட்டி அவர்கள் போடும் பிச்சை இல்லை. உரிய நாளிலிருந்து 30 நாளில் கொடுத்திருக்க வேண்டிய கடன், அதற்கு வட்டியும் உண்டு. அதை வாங்க வேறெதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பேப்பரில் 'இனி கம்பெனி மீது எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, 'கிராஜுவிட்டிக்காக மட்டும் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள், பணம் எங்கேயும் போகாது. தவறிப்போய் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தாலும், தொழிலாளர் இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. சாவுக்கான இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் கையில் கொடுக்கவும் முடியாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வரும்போது பஞ்ச் பதிவுக்கான உங்கள் கடிதத்தை அங்கேயே கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.